பதில் கார்டு

சுலோச்சனாவை ஆஸ்பத்திரிக் கணக்கில் சாகடித்தது சுலோச்சனாவேதான். சாலவாக்கத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் அவளுடைய வலது மார்பை எடுத்து, கதிர்க் கரண்டு வைத்து அனுப்பி மூன்று வருஷமாகிறது. புற்று திரும்ப வந்திருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். போகிற நாளுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அவளுக்குச் சோறு இறங்காது. விரல்கள் தாமாகவே போய் அக்குளிலும் கழுத்திலும் கட்டி தேடும். ஒன்றும் தட்டுப்படாவிட்டால் இன்னும் அழுத்தித் தேடும். போன தையில் நெல் அறுப்பைச் சாக்குச் சொல்லிப் போகாமலே இருந்துவிட்டாள்.

ஆனியில் கார்டு வந்தது. இரட்டைக் கார்டு. ஒரு பாதியில், செப்டம்பர் மூன்றாம் தேதி தவறாமல் வரவும் என்றிருந்தது. தபால்காரர் முனிரத்தினம் அதை வாசலில் நின்று உரக்கப் படித்தார். அவள் புருஷன் சின்னராசு கதவுக்குப் பின்னால் சுவரில் கரியால் தேதியைக் குறித்துக்கொண்டான். மறு பாதி, பதில் எழுதி அனுப்ப. நோயாளி நலம், நோயாளி நலமில்லை, நோயாளி இறந்துவிட்டார் என்று மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்.

மறுநாள் மத்தியானம், சின்னராசு வயலுக்குப் போயிருந்தபோது, அவள் மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தாள். செத்தவளை யார் சோதனைக்குக் கூப்பிடப் போகிறார்கள்? இறந்த தேதி கேட்டிருந்தது. கை போன போக்கில் ஒரு தேதியை எழுதினாள். கீழே புருஷன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து இரண்டு தட்டுச் சோறு தின்றாள்.

ஆடியில் அதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அனுதாபக் கார்டு வந்தது. முனிரத்தினம் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"இன்னா தங்கச்சி, நீ பூட்டேன்னு எழுதிக்கீது?"

"எவளுக்கோ போட வேண்டியத எனக்குப் போட்டுட்டான்ணா. ஆயிரம் பேர் வர்ற எடம்."

"உம் பேரு, உன் வூட்டுக்காரன் பேரு, ஊரு, எல்லாம் சரியாத்தானே கீது." கார்டை நுனி விரலால் நீட்டினார். "எதுவா இருந்தாலும் சாவு சேதி. உள்ள எட்த்துக்கினு போவாத. இங்கியே கிழிச்சிப் போட்டுட்டுக் கைய கழுவு."

சாவுச் சேதியை வீட்டுக்குள் கொண்டுபோகிற வழக்கமில்லை. படித்த இடத்திலேயே கிழித்துவிட வேண்டும். செத்தவருக்கு உறவாக இருப்பவர் கிழிப்பார். இங்கே கிழிக்கவும் அவளேதான் இருந்தாள். தன் பெயர் குறுக்கே போகும்படி இரண்டாகக் கிழித்தாள், பிறகு நான்காக. காற்றே இல்லாத உச்சி வெயில். துண்டுகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன.

அன்றைக்கு அரிப்பு நின்றது.

எடுத்துப் போட்ட மார்பு மூன்று வருஷமாக அவளுக்கு அரித்துக்கொண்டுதான் இருந்தது. இல்லாத இடம் ஊறும், பால் கட்டினாற்போல் கனக்கும். ரவிக்கைக்குள் வைத்த துணிச்சுருளைச் சொறிந்துகொள்வாள். இப்போது அங்கே ஒன்றுமில்லை. தழும்பைக் கிள்ளினாள். வேறு யாரையோ கிள்ளியது போலிருந்தது. பயம் போகட்டும் என்றுதான் செய்தாள், பயம் போயிற்று. அதோடு சேர்ந்து இன்னும் எதெல்லாம் போயிற்று என்று அவளால் சொல்ல முடியவில்லை. குழம்பில் உப்புத் தெரியவில்லை. வெயில் சுடவில்லை. முனிரத்தினம் கடிதத்தை வேலியில் செருகிவிட்டு, அவள் நிற்பதைப் பார்க்காதவர் போல சைக்கிளை மிதித்துப் போனார். எதிர்வீட்டு நாய் அவளைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டது. அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக் குரைத்தது.

செப்டம்பர் மூன்று விடியலில் சின்னராசு சட்டை போட்டுக்கொண்டு நின்றான். "இன்னாமே முழிச்சிக்கினு கீற? மொத பஸ்சு பூடும்."

"இந்த வாட்டி வேணாம். எனக்கு நல்லாத்தான் கீது."

"அத நீ சொன்னா ஆச்சா? டாக்டரம்மா சொல்லட்டும்."

அதற்கு மேல் அவள் மறுக்கவில்லை. பெயரே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்கிற தைரியம்.

பதிவு கவுண்டரில் இருந்த பாக்கியமேரி அம்மாள் அடுக்கில் தேடினாள். இல்லை. உள்ளறைக்குப் போய், தூசி தட்டிக்கொண்டே ஒரு கோப்போடு வந்தாள்.

"இந்த அம்மா இறந்துட்டாங்களே. நீங்க யாரு?"

"யம்மா, இன்னா பேசற? இதோ கல்லு மாதிரி நிக்கிறா," சின்னராசு எகிறினான். "ஒன்றரைப் படி சோறு துன்றா!"

பாக்கியமேரி பதில் கார்டை எடுத்தாள். "புருஷனே கையெழுத்துப் போட்டிருக்காரு. தேதி..." நிறுத்தினாள். சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். "செப்டம்பர் மூணு. இன்னைக்கு. ஜூன்ல வந்த கார்டு இது. யாருமே பாக்கலையா?"

கை போன போக்கில் எழுதிய தேதி. அன்றைக்கு அவள் மனசில் வேறு தேதியே இருந்திருக்கவில்லை. சுலோச்சனாவுக்கு உள்ளங்கால் குளிர்ந்தது. மணி பத்துகூட ஆகவில்லை. நாள் முழுக்க மிச்சமிருக்கிறது.

சின்னராசு கையெழுத்தைப் பார்த்தான். அவள் எழுதும் மளிகைச் சீட்டில் மாதாமாதம் பார்க்கிற எழுத்து. அவளைப் பார்த்தான்.

"நான்தாம்மா," என்றான். "கண்ணு தெரியாம மூணாவதுல கிறுக்கிட்டேன்." பிறகு அவள் காதோரம், "வூட்டுக்கு வா, வச்சிக்கிறேன்."

பாக்கியமேரி அவனை நம்பவில்லை. சுலோச்சனாவைத்தான் கேட்டாள். "இறந்துட்டாங்கன்றத அடிச்சிட்டு நலம்னு எழுதட்டுமா? நீ சொல்லும்மா."

வாசல் திறந்துதான் இருந்தது. போய்விட்டால் சோதனை இல்லை. ஆனால் கோப்பு அந்த உள்ளறைக்கே திரும்பும், இன்றைய தேதியோடு.

"அடிங்க," என்றாள்.

எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் இல்லை. சில்லென்ற தகட்டில் நெஞ்சை ஒட்டி அவளை நிறுத்திவிட்டுப் படமெடுக்கிற ஆள் தடுப்புக்குப் பின்னால் போனான். "மூச்ச இழு. புடி. அசையாத."

பிடித்தாள். ஏதோ முனகத் தொடங்கியது. விடச் சொல்லும் குரல் வரவில்லை. தடுப்புக்குப் பின்னால் ஆள் இருக்கிற சந்தடியே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். ஆக, இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள். பிடித்த மூச்சோடு நிற்பது, விடச் சொல்ல யாரும் இல்லாமல். அப்போது, தகடு பட்ட வலது பக்கம், ஒன்றுமே இல்லாத இடத்தில், சுள்ளென்று அரித்தது.

யாரையும் கேட்காமல் மூச்சை விட்டாள். நன்றாகச் சொறிந்துகொண்டாள்.

"இன்னாம்மா நீ! நான் சொல்றதுக்குள்ள வுட்டுட்ட. படம் ஆடிப் பூட்ச்சி. இன்னொரு வாட்டி எடுக்கணும்."

"எடுப்பா," என்று அவள் மறுபடி நெஞ்சைத் தகட்டில் வைத்தாள்.