யாரைக் கேட்டு எடுத்தான் மியூட் பட்டனை?

எல்லாருக்கும் வணக்கம். எப்படி இருக்கிறீர்கள்? முழங்கால், முதுகு, சர்க்கரை எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறதா? எனக்கு உடம்பு தேவலை. ரத்தக் கொதிப்புதான் ஏறிக் கிடக்கிறது. அது மாத்திரைக்கு இறங்காது, உங்களிடம் கொட்டித் தீர்த்தால்தான் இறங்கும். அதனால் அடுப்பை அணைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் ஒரு ரிமோட். சிரிக்காதீர்கள், முழுசாகப் படியுங்கள்.

முதலில் எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவர். உச்சியில் கூண்டுக்குள் உட்கார்ந்து, கண்ணைக் கீழே தொங்குகிற பெட்டியிலேயே வைத்துக்கொண்டு, கையைப் பார்க்காமலே நெம்புகோலை இழுக்கிற மனுஷன். மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. பேச்சும் போயிற்று. "வா", "போ", "ம்" என்று நாலைந்து வார்த்தை தேறும், அதுவும் பக்கத்தில் நின்றால்தான் காதில் விழும். மிஞ்சியது இடது கை. அதிலும் அந்தக் கட்டைவிரல் இருக்கிறதே, அதுதான் ராஜா.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒருநாள், நான் சமையலறையில் இருக்கும்போது டிவி சத்தம் கிடுகிடுவென்று ஏறியது. "ஊருக்கே கேக்கணுமா?" என்று கத்திக்கொண்டே வந்தேன். பார்த்தால், தண்ணீர்க் குவளை அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. மறுநாளும் சத்தம் ஏறியது. நான் கத்தாமல் தண்ணீர் கொண்டுவந்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. சத்தம் ஏறினால் தண்ணீர். சேனல் மாறிக்கொண்டே இருந்தால் முதுகு வலிக்கிறது, தலையணையை நகர்த்து. சத்தம் பட்டென்று நின்றால், அதாவது மியூட், உடனே வா. பெரும்பாலும் பாத்ரூம்தான். வீடு அமைதியானால் நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

அந்த ரிமோட்டைப் பார்க்கச் சகிக்காது. பின்மூடி தொலைந்து, பேட்டரி விழாமலிருக்க ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. மியூட் பட்டனில் எழுத்தே அழிந்து, அவர் கட்டைவிரலுக்கு அளவெடுத்த மாதிரி ஒரு குழி.

எங்களுக்கு ஒரே மகன். ஆபீசில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிற வேலை. நான் அவனை இன்ஜினியர் என்பேன், கோபம் வந்தால் இன்ஜினியர் சார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். பாசத்துக்குக் குறைவில்லை. அப்பா சேனலை மாற்றிக்கொண்டே இருந்தால் மட்டும், "சும்மா நோண்டாதீங்கப்பா" என்று ரிமோட்டை வாங்கித் தள்ளி வைத்துவிடுவான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வந்தபோது கையில் ஒரு பளபளா பெட்டி.

"அம்மா, இனிமே வீட்டுல ஒரே ரிமோட்தான். டிவி, டிஷ் பாக்ஸ், ஸ்பீக்கர், மூணும் இதுலயே அடக்கம்."

"மூணும் தனித்தனியா நல்லாத்தானேடா இருக்கு?"

"எது, ரப்பர் பேண்ட் போட்டதா? பாக்கவே அசிங்கமா இருக்கும்மா."

காலையில் உட்கார்ந்தவன் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தான். அந்தப் பொருளுக்கு முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டுமாம். பிறகு வைஃபை பாஸ்வேர்டு கேட்டது. வீட்டில் என்னென்ன இருக்கிறது, எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று பெண் பார்க்க வந்த மாதிரி கேள்வி கேட்டது. எல்லாம் முடிந்ததும் கையில் கொடுத்தான். முழுக்க முழுக்கக் கண்ணாடி. பட்டன் என்று ஒன்றுகூட இல்லை. திரையில் "படம் பார்", "செய்தி பார்", "பாட்டு கேள்" என்று மூன்று கட்டம்.

"மியூட் எங்கடா?"

"ரெண்டாவது பக்கத்துல இருக்கு. விரலால ஒதுக்கித் தள்ளணும். மியூட்டை எல்லாம் யாரும்மா யூஸ் பண்றாங்க?"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்குள் பேசிக்கொள்கிற பாஷையை மகனிடம் எப்படிச் சொல்வது? அதுவும் இவர் இடது கையால் அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டார். பிள்ளை ஆசையாகச் செய்கிறானே என்று எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் அவன் போன பிறகு பார்க்கிறேன், பழைய மூன்று ரிமோட்டையும் காணோம். போன் போட்டால், "பழைய மின்சாமான் போடற தொட்டி வழியிலதான் இருந்துச்சு, போட்டுட்டேம்மா. உங்களுக்கு ஒரு குப்பை குறைஞ்சுது" என்கிறான்.

யாரைக் கேட்டுப் போட்டான்? என் வீட்டுப் பொருளை, அவர் கையிலிருந்த பொருளை!

திங்கட்கிழமை முழுக்க அவர் அந்தக் கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். அதற்கு அவர் விரலே தெரியவில்லை. வயசான விரல் காய்ந்துபோயிருக்கும், அதை விரல் என்றே கண்ணாடி ஏற்றுக்கொள்ளாது. நான் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அவர் கண்டுபிடிப்பதற்குள் திரை தூங்கிவிடும். அதை எழுப்பினால் முதல் பக்கத்துக்குப் போய்விடும். கையைப் பார்க்காமல் கிரேன் ஓட்டிய மனுஷனை, கையையே பார்த்துக்கொண்டு உட்கார வைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை நான் பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தேன். உள்ளே டிவியில் யாரோ பந்தாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் ஏறவில்லை, இறங்கவில்லை, சேனல் மாறவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நானும் நிதானமாக அலசினேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனால், கண்ணாடி ரிமோட் தரையில் கிடக்கிறது. வேட்டியும் நாற்காலியும் நனைந்திருக்கின்றன. அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்.

மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அப்படி நடந்ததில்லை. நான் துடைத்து, மாற்றி, உட்கார வைக்கிற வரை என்னைப் பார்க்கவே இல்லை. கடைசியில் விரலை உதட்டில் வைத்தார். மகனிடம் சொல்லாதே என்று.

சரி, சொல்லவில்லை. ஆனால் போனில் பிடித்துக்கொண்டேன்.

"இன்ஜினியர் சார், எனக்குப் பழைய ரிமோட் வேணும்."

"அம்மா, பழகணும்மா. அமுக்கக் கூடாது, லேசா ஒதுக்கணும்."

"எங்களால ஒதுக்க முடியலடா. எங்களத்தான் ஒதுக்கிட்டே."

"எதுக்கு இப்ப டயலாக்? அப்பாவுக்கு ஏதாவது வேணும்னா கூப்பிட, ஒரு பெல் ஆர்டர் பண்ணிடறேன்."

"பெல் அடிச்சு வேலைக்காரியக் கூப்பிட, உங்கப்பா என்ன லாட்ஜ்லயா ரூம் எடுத்திருக்கார்?"

போனை வைத்துவிட்டேன். மறுநாள் பக்கத்து வீட்டு டீச்சரை இவரோடு இருக்கச் சொல்லிவிட்டு, கடைத்தெருவில் ரிமோட்டாகத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்தக் கடைக்குப் போனேன்.

"பழசக் கொண்டு வாங்கம்மா, பாத்து அதே மாதிரி தரேன்" என்றார் கடைக்காரர்.

"பழசு பரலோகம் போயிடுச்சுங்க."

நல்ல மனுஷன், சிரித்துவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எந்த டிவிக்கும் பழக்கிக்கொள்ளலாமாம். பெரிய பெரிய ரப்பர் பட்டன். மியூட் பட்டன் தனியாக ஓரத்தில், தொட்டாலே தெரிகிற மாதிரி. கூடவே குட்டிப் புத்தகம், அதில் எறும்பு ஊர்கிற மாதிரி எண்கள். எங்கள் டிவி கம்பெனி பெயருக்கு நேராகப் பதினாலு எண். பதினாலையும் போட்டேன். டிவி அசையவில்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அப்ப தேட விட்டுடுங்கம்மா. செட்னு இருக்கற பட்டன அமுக்கிப் பிடிங்க, செவப்பு லைட்டு நின்னு எரியும். அப்புறம் பவர் பட்டன ஒவ்வொரு தடவையா அமுக்கிட்டே போங்க. டிவி அணைஞ்சதும் கைய எடுத்துட்டு, ஓகே பட்டன அமுக்குங்க. அவசரப்பட்டீங்கன்னா தாண்டிப் போயிடும். திரும்ப மொதல்லேர்ந்துதான்."

என் அவசரம்தான் உங்களுக்குத் தெரியுமே. டக்கு டக்கு டக்கென்று தட்டினேன். நூறைத் தாண்டியிருக்கும், டிவி அணைந்தது. அணைந்தது என்று மூளைக்குத் தெரிவதற்குள் விரல் இன்னொரு முறை தட்டிவிட்டது. போச்சு. தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் கையை நீட்டினார்.

டிவியைத் திரும்பப் போட்டு, செட்டை அமுக்கிச் சிவப்பு லைட்டை எரியவிட்டுக் கொடுத்தேன். தொடையில் வைத்துக்கொண்டார். கண் டிவியில். கட்டைவிரல் ஒரு தட்டு. பொறுத்தார். இன்னொரு தட்டு. பொறுத்தார். கொக்கி ஆடி அடங்குகிற வரை அடுத்த நெம்புகோலைத் தொட மாட்டார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அப்படித்தான் செய்தார். நான் கீரையை ஆய்ந்து, பாத்திரம் கழுவி, திரும்பி வந்து எண்ண ஆரம்பித்து, எண்ணிக்கையை விட்டுவிட்டேன். ஒரு தட்டில் டிவி அணைந்தது. கட்டைவிரல் அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்து ஓகேயை அமுக்கியது.

டிவியைத் திரும்பப் போட்டார். சத்தத்தை ஏற்றினார். நான் அழுதுகொண்டே போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். டிஷ் பாக்ஸையும் மறுநாள் அவரே பழக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் வந்தான். அப்பா மடியில் ரப்பர் பட்டனைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் சமையலறைக்கு வந்தான்.

"என்னம்மா இது, தெருவோரக் குப்பையை வாங்கி வெச்சிருக்க? நான் அரை நாள் உக்காந்து செட் பண்ணது வீணா?"

"நீ அரை நாள் உக்காந்தே. நாங்க மூணு வருஷம் உக்காந்து செட் பண்ணதை ஒரே நிமிஷத்துல தொட்டியில போட்டியே, அது?"

"எத செட் பண்ணீங்க? ஒண்ணும் புரியல. உனக்கு எப்பவும் புதுசுன்னாலே ஆகாது. நான் உங்க நல்லதுக்குத்தான்..."

கூடத்தில் சத்தம் பட்டென்று நின்றது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"என்ன, கரண்ட் போயிடுச்சா?" என்றான்.

"உங்கப்பா கூப்பிடறார். போ."

"எங்க? சத்தமே வரலையே."

"அதான். போடா."

போனான். நான் பின்னாலேயே நின்று பார்த்தேன். ஜன்னல் வழியாக வெயில் அவர் கண்ணில் அடித்தது. இடது கையால் திரைச்சீலையைக் காட்டினார். இவன் இழுத்துவிட்டான். டிவி மறுபடி பேச ஆரம்பித்தது. இவன் அந்த இடத்திலேயே நின்றான்.

"எத்தன நாளாம்மா இப்படி?"

"மூணு வருஷமா."

"நான் ஒவ்வொரு வாரமும் நோண்டாதீங்கன்னு வாங்கி வெச்சிருக்கேனே."

"ஆமா. அவர் வாயப் பொத்தியிருக்கே."

சொன்ன பிறகு எனக்கே சுருக்கென்றது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எதற்கு எடுத்துக்கொள்ள வேண்டும்? அவன் போய் அந்தக் கண்ணாடிச் சாமானை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, அப்பா காலடியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் சத்தம் இரண்டு புள்ளி ஏறியது. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. யோசித்தான், பக்கத்து மேஜையைப் பார்த்தான், எழுந்து போய்க் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"ம்" என்றார் இவர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சமாச்சாரம் அவனுக்கு இன்னும் தெரியாது. இதை எழுதட்டுமா என்று இவரிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். படிப்பான், படிக்கட்டும்.

கோபம் தீர்ந்ததா என்றால், மகன் மேல் தீர்ந்தது. பட்டனே இல்லாமல் ஒரு ரிமோட் செய்து, அதை எல்லார் வீட்டுக்கும் பொது என்று விற்கிறார்களே, அவர்கள் மேல் தீரவில்லை. எல்லார் என்றால் அதில் என் வீட்டுக்காரரின் கட்டைவிரலும் உண்டா, இல்லையா?

உங்கள் வீட்டிலும் நல்லதுக்கு என்று சொல்லி எதையாவது எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அது என்ன, திரும்பக் கிடைத்ததா, யாரோடு சண்டை போட்டீர்கள் என்று ஒன்றுவிடாமல் எனக்கு எழுதுங்கள். அடடா, சத்தம் நின்றுவிட்டது. நான் ஓடுகிறேன்.