கையைச் சூடு பண்ணாத டாக்டர்

ஃபெர்மினாவின் கை நரம்பில் சேதி ஓடும் வேகம் நொடிக்கு முப்பத்து மூன்று மீட்டர் என்று காட்டியது மெஷின். நல்ல நரம்பென்றால் குறைந்தது ஐம்பது இருக்க வேண்டுமாம். டாக்டர் சென்தேனோ உதட்டைப் பிதுக்கினார்.

"நரம்புக்கு மேல இருந்த உறை உரிஞ்சது உரிஞ்சதுதான் அம்மா. 'வந்து என்னைச் சுத்து'ன்னு நரம்பு, உறை போடுற செல்லுக்குச் சேதி அனுப்பணும். உங்களுக்கு அந்தச் சேதி எட்டல. எட்டு மாசமாச்சு, இனிமே எங்க?"

ஃபெர்மினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிசம்பரில் கைகால் விழுகிற வரை பதினாறு வருஷம் மினிபஸ் ஓட்டியவள். வண்டி ஓட்டலாம் என்று இந்த டாக்டர் சான்றிதழ் தராவிட்டால் ஓட்டுநர் சங்கம் அவள் இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிடும்.

"மே மாசம் ஸ்பூன் பிடிக்க வராத கை இது. இன்னிக்கு ஷூ லேஸ் கட்டிட்டு வந்தேன். செல்லுக்குச் சேதி எட்டலைன்னா உறையைச் சுத்துனது யாரு, உங்க மாமியாரா?"

"மெஷின் பொய் சொல்லாதும்மா."

ஆகஸ்ட் என்றால் எல் ஆல்தோ மலை நகரத்தில் கடுங்குளிர் காலம். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் அட்டை. அவள் விரல்கள் நீலம் பாரித்துக் கிடந்தன. மேசைக்கடியில் ஒரு ஹீட்டர், டாக்டரின் இரண்டு கால்களுக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. தன் கால் சுட்டால் ஊருக்கே குளிர் விட்டதென்று நினைக்கிற ரகம்.

"விடிகாலையில எஞ்ஜின் சூடாகறதுக்குள்ள வண்டி செத்துப்போச்சுன்னு காயலான் கடைக்குத் தள்ளுற மடையன் எங்க லைன்ல ஒருத்தன்கூட இல்ல டாக்டர். என் கையைத் தொட்டாவது பாத்தீங்களா?"

அவர் தொடவில்லை. அவள் குனிந்து ஹீட்டரை இழுத்தாள். கையை அதன்முன் நீட்டி இருபது நிமிஷம் உட்கார்ந்தாள். "இதுக்கெல்லாம் விதியில இடமில்ல" என்றார் அவர். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுபடி பார்த்தபோது நாற்பத்தாறு.

குளிர்ந்த நரம்பில் எதுவும் மெதுவாகத்தான் ஓடும், முதலில் கையைச் சூடு பண்ண வேண்டும். இது அவர் படித்த பாடம்தான். படித்ததைச் செய்ய வலிக்கிறது.

"புது உறை மெல்லிசாத்தான் வரும், அதான் ஐம்பதைத் தொடல. வண்டி ஓட்டலாம்" என்று முணுமுணுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஃபெர்மினா தாளை வாங்கிக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"ஜூன் மாசம் எங்க லைன்லேர்ந்து தொரிபியோன்னு ஒருத்தர் வந்தாரே, இதே வியாதி. தேறாதுன்னு எழுதிக் குடுத்தீங்க. அவரு கையைச் சூடு பண்ணிப் பாத்தீங்களா?"

டாக்டர் கோப்பைப் புரட்டினார். "அது முடிஞ்சுபோன கேஸ் அம்மா."

"வண்டியை வித்துட்டாரு. அவருக்கு ஃபோன் போடுங்க. நீங்களே சொல்லுங்க. நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."