அரங்கமே எழுந்து நின்றது

அக்காவுக்கு வேலை ஒரு மருந்துக் கம்பெனியில். மாத்திரை டப்பாவுக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் இருக்குமே, யாரும் படிக்காமல் தூக்கி எறிவார்களே, அதை எழுதுவது அவள்தான். 'மயக்கம் வரலாம், வாய் உலரலாம், அரிதாகச் சிலருக்கு வயிறு கலங்கலாம்' என்று எழுதி எழுதியே தேய்ந்த கை. குடும்பத்தில் வேறு யாரும் சேர்ந்தாற்போல் நாலு வரி எழுதியதில்லை என்பதால், ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற கணக்கில், வீட்டுக்கு அவள்தான் எழுத்தாளர்.

தம்பிக்கு ஓர் இசைக்குழு இருந்தது. பெயர் 'நிலநடுக்கம்'. தம்பி பாடுவான். அக்காவின் கணவர் கிட்டார் வாசிப்பார். டயர் கடையில் வேலை பார்க்கும் ஓர் ஆள் டிரம்ஸ் அடிப்பான். பெற்றவர்கள் வைத்த பெயரை எல்லோரும் மறந்துவிட்டு அவனை 'இடி' என்றே கூப்பிட்டார்கள். அவனும் அதற்கே திரும்பிப் பார்த்தான். பாட்டு இருந்தது, ஸ்பீக்கர் இருந்தது, மூன்று பேருக்கும் ஒரே நிறத்தில் சட்டைகூட இருந்தது. கூப்பிடத்தான் ஆளில்லை.

தம்பி ஓட்டல்களுக்கும் மண்டபங்களுக்கும் போன் போட்டுப் போட்டு ஓய்ந்துபோய், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்ந்தான். பின்னாலேயே இடியும் வந்தான்.

"எல்லாரும் பிரஸ் கிட் அனுப்புங்கன்னு சொல்றாங்கக்கா. நானும் இதோ அனுப்புறேன்னு சொல்லிட்டேன்."

"சரி, அனுப்பு."

"அப்படின்னா என்னக்கா?"

அக்கா கைபேசியில் தேடிப் படித்துச் சொன்னாள். "உங்களப் பத்தி நல்லதா நாலு வரி, ஒரு போட்டோ, ரெண்டு மூணு பாட்டு, பத்திரிகைக்காரங்க உங்களப் பத்தி என்ன எழுதினாங்க, யாருக்குப் போன் பண்ணணும். இதையெல்லாம் ஒண்ணா வச்சு அனுப்பணுமாம்."

"போன் நம்பர் இருக்கு," என்றார் கணவர். "ஒண்ணு முடிஞ்சது."

"கிட்டுன்னதும் நான் முதலுதவிப் பெட்டின்னுல்ல நெனச்சேன்," என்றான் இடி.

"அதையும் கூடவே வச்சு அனுப்பினா தப்பில்ல."

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றான் தம்பி.

அன்று மத்தியானமே அக்கா எழுத உட்கார்ந்தாள். தொட்டில் பழக்கம் விடுமா? தம்பி அந்தத் தாளை வாங்கி உரக்கப் படித்தான். "நிலநடுக்கம் மூவர் கொண்ட இசைக்குழு. திறந்த வெளியில் கேட்பது நல்லது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கேட்டால் சிலருக்குத் தலைவலி வரலாம். குழந்தைகளுக்கு எட்டாத..." தாளைக் கீழே வைத்தான். "அக்கா, இது பாட்டா, பேதி மாத்திரையா?"

"கை தானா எழுதிடுச்சுடா. இரு, மாத்தித் தரேன்."

போட்டோவுக்கு டயர் கடைக்குப் போனார்கள். அடுக்கிவைத்த லாரி டயர்களுக்கு முன்னால் மூன்று பேரும் நின்றார்கள். யாரும் சிரிக்கக் கூடாது, தூரத்தில் எதையோ பார்க்க வேண்டும் என்று தம்பி உத்தரவு போட்டான். அப்படிப் பார்த்ததில் தம்பி பஸ்ஸைத் தவறவிட்டவன் போலவும், கணவர் பல் பிடுங்கக் காத்திருப்பவர் போலவும் விழுந்தார்கள். இடி மட்டும் ராஜா மாதிரி இருந்தான். அவன் நிஜமாகவே தூரத்தில் ஒன்றைப் பார்த்தான்; முதலாளி வந்துகொண்டிருந்தார்.

கடைசியில் மிஞ்சியது பத்திரிகை. அங்கேதான் இடித்தது. நிலநடுக்கத்தைப் பற்றி உலகத்தில் ஒரே ஒரு பத்திரிகைதான் எழுதியிருந்தது, அதுவும் ஒரே ஒரு தடவை. தம்பி அந்தத் துண்டுச் செய்தியைக் கண்ணாடித்தாள் ஒட்டி, கைக்குழந்தையைப் போலப் பாதுகாத்து வந்தான். 'நிலநடுக்கம் குழுவின் நிகழ்ச்சியில் மேடைத் திரையிலிருந்து புகை கிளம்பியது. அரங்கமே எழுந்து நின்றது. பார்வையாளர்கள் அமைதியாக வெளியேறினர். யாருக்கும் காயமில்லை.'

தம்பி நடுவில் இருந்த மூன்று சொற்களின் மேல் விரலை வைத்தான். அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்றியாடா?"

"அவங்க எழுதினதுதானக்கா? நாம ஒரு எழுத்துகூடச் சேர்க்கலயே."

கம்பெனித் தாளில் ஒரு வார்த்தையை விட்டால் அவளுக்கு வேலை போய்விடும். கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். எதிரே தம்பி, சின்ன வயதில் பலூன்காரனைப் பார்த்த அதே முகத்தோடு நின்றான். வெட்டினாள். வெட்டியதைப் பெரிய எழுத்தில் முதல் பக்கத்திலேயே போட்டாள். நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

பிரஸ் கிட் ஊரெல்லாம் போனது. ஒரு வாரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு மண்டபத்திலிருந்து அழைப்பு வந்தது. மேலாளர் நேரில் பார்க்க வேண்டுமாம்.

நான்கு பேரும் போனார்கள். மேலாளர் ஓர் அம்மாள். கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கியது, மேசை மேல் சாவிக்கொத்து கிடந்தது. பிரஸ் கிட்டைப் பிரித்து வைத்து, அந்த வரியின் மேல் பேனாவால் தட்டினாள்.

"அரங்கமே எழுந்து நின்றது. அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன்."

அக்கா தன் செருப்பைப் பார்த்தாள்.

"புகை வந்தப்பவும் நீங்க ஏன் நிறுத்தல?"

"கலைன்னு வந்துட்டா..." என்று தொடங்கினான் தம்பி.

"எனக்குக் காதுல பஞ்சு மேடம், ஒண்ணும் கேக்கல," என்றான் இடி.

"எனக்குக் கால்ல ஒயர் சுத்திக்கிச்சு," என்றார் கணவர். "அவுக்க முடிஞ்சிருந்தா நான்தான் மொதல்ல ஓடியிருப்பேன்."

மேலாளர் முதல் தடவையாகச் சிரித்தாள். "என் கஷ்டத்தைக் கேளுங்க. இங்க மத்தியானம் ஒரு விருந்து, சாயங்காலம் ஒரு விருந்து. மத்தியானம் வந்தவங்க சாப்பிட்டுக் கை கழுவிட்டு உக்காந்தா எழுந்திரிக்கவே மாட்டாங்க. விளக்கை அணைச்சுப் பார்த்தேன். கண்ணுக்கு இதமா இருக்குன்னாங்க. ஏசியை நிறுத்தினேன், ஜன்னலைத் திறந்துக்கிட்டாங்க. வாய்விட்டுச் சொன்னா கோவிச்சுக்கிறாங்க. நான் எப்போ தரையத் துடைக்கிறது, எப்போ மேசையப் போடுறது?"

"அதுக்கு நாங்க என்ன பண்ணணும்?"

"பாடுங்க. அன்னிக்குப் புகையப் பார்த்துத்தான் ஜனம் எழுந்துச்சுன்னு பத்திரிகைல போட்டிருந்தான். நான் மூணாவது வரிசைல இருந்தவ. புகை வர்றதுக்கு முன்னாடியே பாதிப் பேர் எழுந்தாச்சு."

தம்பியின் முகம் காற்றுப் போன டயராகிவிட்டது. கிளம்ப எழுந்தான். அவனை அக்கா ஆயிரம் சொல்வாள், அது வேறு. அடுத்தவர் சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "என் தம்பி ஒண்ணும் துடைப்பம் இல்ல மேடம்!"

"துடைப்பம்னா அவ்வளவு கேவலமா? அது இல்லாம இந்த மண்டபத்துல ஒரு நாள் ஓடாது."

கணவர் மெல்லக் கேட்டார். "மேடை இருக்கா?"

"இருக்கு."

"மைக்?"

"ரெண்டு."

"உக்காரு மாப்ளே," என்றார் கணவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். அக்கா அவன் தோளைத் தொட்டாள். "பிடிக்கலன்னா வேண்டாம்டா. நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"எழுந்து போறவனும் வாசல் வரைக்கும் கேட்டுத்தானக்கா ஆகணும்?" என்றான் அவன்.

முதல் நாள் யாரோ ஓர் அதிகாரி ஓய்வு பெற்ற விருந்து. அக்கா அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மேடைக்குப் பக்கத்தில் நின்றாள். தம்பி தானே எழுதிய மழைப் பாட்டை எடுத்தான். முதல் சரணத்தில் ஜனங்கள் குரலை உயர்த்திப் பேசினார்கள். இரண்டாவது சரணத்தில் கத்திப் பேசினார்கள். இடி கைவரிசையைக் காட்டத் தொடங்கியதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது பாட்டில் கைப்பைகள் தோளுக்கு ஏறின. நான்காவது பாட்டுக்கு ஆளில்லை. மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போன ஒருவர் திரும்பி வந்தார், எடுத்தார், ஓடியே போனார்.

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. தம்பி காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தான். பாதியில் விட அவனுக்குத் தெரியாது. அது ஒன்றுதான் அவனுடைய வித்தை.

அப்போது சமையல்கட்டுக் கதவு திறந்தது. பாத்திரம் கழுவுகிறவர்கள், மேசைத் துணி மடிக்கிறவர்கள், பரிமாறுகிறவர்கள் என ஒவ்வொருவராகத் தட்டோடு வெளியே வந்தார்கள். மற்ற நாட்களில் விருந்தினர் எப்போது கிளம்புவார்கள் என்று பார்த்துக்கொண்டே, நின்றபடி ஆறிப்போனதை அள்ளிப் போட்டுக்கொள்கிறவர்கள். இன்றைக்கு நேரம் இருந்தது. விருந்தினர் நாற்காலியிலேயே கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பாட்டு முடிந்ததும், கை ஈரம் காயாத ஓர் அம்மாள் குரல் கொடுத்தாள். "தம்பி, மொதல்ல பாடின அந்த மழைப் பாட்டை இன்னொரு தடவ பாடேன்."

தம்பி மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டான். "நல்லா இருந்துச்சாம்மா?"

"நல்லா இருக்கா இல்லையான்னு எனக்கென்ன தெரியும்? உக்காந்து ஒரு பாட்டுக் கேட்டு எத்தனை நாளாச்சு. பாடு."

அவன் பாடினான். அம்மாள் சாப்பிட்டு முடிக்கும்வரை பாடினான்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் அழைப்பு வந்தது. ஜனங்களை விரட்ட ஒரு பாதி, சமையல்கட்டு ஆட்களுக்கு ஒரு பாதி என்று கச்சேரி இரண்டாகப் பிரிந்தது. முதல் பாதியில் தம்பி வேலைக்குப் போகிறவன் மாதிரி பாடினான். இரண்டாம் பாதிக்காக வீட்டில் சாதகம் பண்ணத் தொடங்கினான். துணி மடிக்கும் பெண்கள் பாட்டு இழுக்கிறது என்றால் வேகத்தைக் கூட்டினான். உச்சத்தில் கத்தாதே என்றால் இறங்கினான். அக்கா வாழ்நாளெல்லாம் சொல்லிக் கேட்காதவன், தட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னதும் கேட்டான்.

வம்பு அதனால்தான் வந்தது. ஒரு மத்தியானம், ஏதோ பிறந்தநாள் கூட்டம். மூன்று பாட்டு முடிந்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான்காவது பாட்டுக்குக் குழந்தைகள் மேடைக்கு முன்னால் வந்து குதித்தார்கள். ஐந்தாவதற்குத் தாத்தா ஒருவர் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மணி ஓடிக்கொண்டிருந்தது. சாயங்கால விருந்துக்குப் பூக்காரர் வாசலில் வந்து நின்றார்.

மேலாளர் சாவிக்கொத்து குலுங்க ஓடி வந்து மேடை ஓரத்தில் கையெடுத்துக் கும்பிட்டாள். "தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கொஞ்சம் மோசமாப் பாடுங்க."

தம்பி அக்காவைப் பார்த்தான். ஊரையே எழுதி வாங்கிக்கொண்டவன் போல அவன் முகம் மலர்ந்து கிடந்தது.

"எப்படின்னு தெரியல மேடம்," என்றான்.

கணவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அவர் இருமி முடிக்கும்வரை அடுத்த பாட்டு தொடங்கவில்லை.