பிஞ்சு பறித்தவர்

போடியில் கல்லூரிப் பெண்களுக்கு ஒரு ஆயுசு முழுக்கக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த பால்ராஜ் ஆனி மாதம் போய்ச் சேர்ந்தார். ஐப்பசியில் அவர் வளர்த்த அணியில் நான்கு பேர்தான் மிச்சம். ஐந்தாவது ஆள் ரோஜா, ஏலக்காய் எடுக்கும் ஆத்தா மாயக்காளோடு மலைத்தோட்டத்து லயக் குடியிருப்பில் போய்த் தங்கிவிட்டாள். திங்கட்கிழமைக்குள் அவள் வராவிட்டால் போட்டியிலிருந்து கல்லூரியின் பெயரை எடுத்துவிடுவார்கள்.

அவரிடம் ஆடிப் பழகி, இப்போது அவர் இடத்துக்கு வந்திருக்கும் வித்யா மாயக்காளுக்குப் போன் போட்டுப் போட்டுச் சலித்துப்போனாள். "பேச்சக் கேக்காமலே அந்தம்மா வச்சிருதும்மா" என்று பால்ராஜின் மனைவி சந்திரவல்லியிடம் வந்து நின்றாள்.

சந்திரவல்லிக்குப் பந்தாட்டம் தெரியாது. வருசா வருசம் காயெடுப்புக் காலத்தில் ஒரு ஞாயிறு அவர் காராச்சேவுப் பொட்டலத்தோடு மலைக்குப் போவதும், சட்டையெல்லாம் கறையாகத் திரும்புவதும் தெரியும். துவைக்கும்போது திட்டியிருக்கிறாள்.

அந்த ஞாயிறு அவளும் பொட்டலம் வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

சார் வீட்டம்மா என்று சொல்லியும் செடிக்கடியில் குத்தவைத்திருந்த மாயக்காள் நிமிரவே இல்லை. "போன்ல பொண்ணு கேப்பாகளா? சாரு இருந்தவரைக்கும் நேர்ல வந்துதேன் கேப்பாரு. பகல் பூராம் எங்களோட காய் எடுத்துட்டு, சாயங்காலந்தேன் வாயத் தொறப்பாரு."

சந்திரவல்லி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு வாளியோடு பக்கத்துச் செடியடியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரங்கழித்து மாயக்காள் அவள் வாளியை எட்டிப் பார்த்தாள்.

"பிஞ்சப் பூராம் பறிச்சுட்டீகளேக்கா. முத்துனதத்தேன் எடுக்கணும்."

"தெரியலயே தாயி."

"அவருக்கு மட்டும் தெரிஞ்சுச்சா? கடைசி வரைக்கும் பிஞ்சுதேன். கங்காணி கண்ணுல படாம நாங்கதேன் வாளிக்கு அடியில ஒளிப்போம். நல்லவேள, வருசத்துக்கு ஒருநா வந்தாரு. ரெண்டுநா வந்திருந்தா தோட்டமே மொட்டையாயிருக்கும்."

அடுத்த செடியில் ரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சந்திரவல்லியும் சிரித்தாள், சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

சாயங்காலம் லயத்து வாசலில் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். "பிள்ளைய அனுப்பு தாயி."

மாயக்காள் ஒரு வாய் அள்ளிப் போட்டு மென்றாள். "கூட்டிட்டுப் போங்க. அடுத்த வருசமும் நீங்கதேன் வரணும். போன் போடுற அந்த டீச்சரையும் இழுத்துட்டு வாங்க. அதுக்காவது பிஞ்சு எதுன்னு பழக்கி விடுறோம்."

போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பு இறங்க, ரோஜா அவள் தோளில் தூங்கிப்போனாள். சந்திரவல்லி வித்யாவுக்குப் போன் போட்டாள்.

"அஞ்சு பேரு ஆச்சு. அடுத்த வருசத்துக்குப் பழைய உடுப்பா ஒண்ணு எடுத்து வச்சுக்க."