வெளியே போகாத தையற்காரர்

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? முட்டிவலி, முதுகுவலி எல்லாம் எப்படி இருக்கு? சாய்ஞ்சு உட்கார்ந்துக்கிட்டே படிங்க, கதை எங்கேயும் ஓடிடாது.

ஒரு தையற்காரர். மலக்குடலின் அடியில், ஆசனவாய்க்குச் சற்று மேலே அவருக்குப் புற்றுநோய். கதிர்வீச்சு கொடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். கட்டி சுருங்கியது, மிச்சம் மட்டும் அடம்பிடித்து உட்கார்ந்துகொண்டது. வெட்டினால் ஆசனவாயையும் மூடிவிட்டு, ஆயுசுக்கும் வயிற்றில் மலம் இறங்க ஒரு பை. ஊரார் இடுப்பையெல்லாம் அளந்தவருக்குத் தன் இடுப்பில் ஒரு பை என்றதும் மனசு ஒப்பவில்லை. அதனால்தான் ஒளி சிகிச்சைக்குத் தலையாட்டினார். நரம்பில் ஒரு மருந்தை ஏற்றினார்கள். அது கட்டியில் ஊறியதும், மெல்லிய கம்பி வழியாக உள்ளே சிவப்பு வெளிச்சம் காட்டினார்கள். வெளிச்சம் பட்டால் அந்த மருந்து கட்டியைச் சுட்டுவிடுமாம்.

"ஐயா, கொஞ்ச நாளைக்கு வெளிய போகவே கூடாது. போனா வம்புதான்" என்றார் நர்ஸ்.

மயக்கம் தெளியாத காதில் அது "வெளிக்குப் போகவே கூடாது" என்று விழுந்தது.

வீட்டில் கனத்த திரை போட்ட அறை. பகலும் அங்கே மாலைபோல மங்கிக் கிடந்தது. கண்ணை மூடினால் வயிற்றுக்குள் ஒரு சிவப்பு நூல் ஒளிர்ந்தது. யாரோ மெதுவாக, சத்தமே இல்லாமல், அவரை உள்ளிருந்து தைத்தார்கள். கட்டில் தண்ணீரில் மிதப்பதுபோல அசைந்தது. பசி எங்கோ அக்கரையில் நின்று கூப்பிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏங்க, ஒரு வாய் சூப்பாவது குடிங்களேன்" என்றாள் மனைவி.

"வேணாம்."

"என் சமையல் ருசி இத்தனை வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுதாக்கும்?"

"அடியே, உள்ள போனா கீழ வந்துதானே ஆகணும்? வெளிக்குப் போனா வம்புன்னு நர்ஸம்மா சொன்னாங்களே. அப்புறம் பைதான்!"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஐயோ மனுஷா! தெருவுக்குப் போகக் கூடாதுன்னாங்க. அந்த மருந்து உடம்புல இருக்கிறவரைக்கும் வெயில் பட்டா தோல் வெந்துடுமாம். அதுக்கு நீங்க கொல்லைக் கதவையே சாத்திட்டீங்களா?"

சூப் முழுவதும் காலி. மறுநாள் கழிவறையிலிருந்து வந்தவர் முகத்தில் அப்படியொரு பெருமை!

வாரங்கள் போயின. டாக்டரம்மா கேமரா விட்டுப் பார்த்தார். "கட்டி கண்ணுக்குத் தெரியல. இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம், பையும் வேணாம். ஆனா கூப்பிடறப்பல்லாம் வந்து காட்டணும். மறுபடி தலை தூக்கினா வேற வழி பார்க்கணும்."

தையற்காரர் மனைவியின் தோளில் முகத்தைப் புதைத்து விசும்பினார்.

"ஷ்... எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் அவள். தோளை மட்டும் நகர்த்தவில்லை.

உங்க வீட்லயும் டாக்டர் ஒண்ணு சொல்லி, காதுல வேற ஒண்ணு விழுந்த கதை இருக்குமே? வெட்கப்படாம எழுதுங்க, படிக்கக் காத்திருக்கேன்.