கண்ணாடிக்காரரின் இரண்டாவது பிறந்தநாள்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னது யார் என்பதே சரியாக நினைவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரா, அவர் மனைவியா? இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பிறகு ஒரே நேரத்தில் வெகுநேரம் பேசாமல் இருப்பார்கள். அந்த மௌனங்களில் நானாக எதையாவது சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சரக்குக் கப்பல் வியாழனைக் கடந்தபோது தக்காளிகள்...’

வேண்டாம். (கப்பல் வரும். முதலில் ஆளைப் பார்ப்போம்.)

2

கண்ணாடிக்காரருக்கு அறிவியல் புனைகதை என்றால் உயிர். ஆனால் எதுவும் வெடிக்கக் கூடாது. வேற்றுக்கிரகத்தார் படையெடுத்தால் புத்தகத்தை மூடிவிடுவார். விண்கலத்தில் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று நாற்பது பக்கம் இருந்தால் இரண்டு முறை படிப்பார். இணைய விளையாட்டிலும் இதே கதைதான். எல்லாரும் சண்டை போடும் விண்வெளியில் பதினோரு வருடமாகச் சரக்கு ஏற்றி இறக்குகிறார். கப்பலுக்குள் தக்காளித் தோட்டம் போட்டிருக்கிறார்.

மனைவி வேறு ரகம். கைபேசியில் நடைபிணங்களைச் சுட்டுத் தள்ளுவார், அதுவும் சொந்தப் பெயரில், சொந்தப் புகைப்படத்தோடு.

கண்ணாடிக்காரரோ எந்த இணையதளத்துக்கும் ஓர் உண்மையைக்கூடக் கொடுத்ததில்லை. மடிக்கணினிக் கேமராவில் பிளாஸ்திரி. பிறந்தநாள் பொய், படித்த பள்ளி பொய். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பொய்களை எழுதியும் வைக்கவில்லை.

(இவ்வளவு உஷாரானவர் அந்தத் தவறைச் செய்வாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. உஷாரானவரால் மட்டும்தான் செய்ய முடியும் என்று பிறகு புரிந்தது.)

3

மடிக்கணினி பழுதாகி, புதியது வாங்கினார். விளையாட்டு அவரை யாரென்று கேட்டது. பிறந்த நாளும் மாதமும் சொன்னால் போதும், மூன்று வாய்ப்பு. மூன்றும் தவறினால் கணக்கு அழிந்துவிடும். கப்பல், தோட்டம், பதினோரு வருடம் எல்லாம் போச்சு.

இரண்டு வாய்ப்பு அன்று காலையே தீர்ந்தது.

கடையில் ஒருவரைக் கண் பரிசோதனைக்கு உட்காரவைத்துவிட்டு, லென்ஸை மாற்றாமல் அப்படியே நின்றார். வந்தவர் அதே மங்கலான வரியைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். (அது நானா என்று கேட்காதீர்கள்.)

நிஜப் பிறந்தநாளையே போட்டுப் பார்க்கலாமே என்றார் மனைவி. ஊருக்கே தெரிந்த தேதியை யாராவது போடுவார்களா என்றார் கண்ணாடிக்காரர். மனைவி கைபேசியிலிருந்து நிமிர்ந்தார்.

“வருஷத்துல ஒருநாள் நீங்களா எழுந்து ரெண்டு பேருக்கும் டீ போடுவீங்க. என் பிறந்தநாளும் இல்ல, கல்யாண நாளும் இல்ல. எதுக்குன்னு புரியாம அந்தத் தேதியைக் குறிச்சு வச்சிருக்கேன்.”*

“இத்தனை வருஷமா கவனிச்சியா?”

“சுடுறதுக்கு நடுவுல.”

“எங்க குறிச்சு வச்சிருக்க?”

“போன்லதான்.”

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

* பொய்ப் பிறந்தநாள்தோறும் விளையாட்டு அவருக்குப் பரிசு தருமாம்; அந்த உற்சாகத்தில்தான் டீ. ஒருமுறை விளக்கு. ஒருமுறை தக்காளி விதை.

4

முடிவுகள்:

அ) தேதி தவறு. கப்பல் மறைகிறது. இருவரும் இருண்ட திரையை... (சோகம் எழுத எனக்குச் சுலபமாக வரும். அதனாலேயே அடித்துவிட்டேன்.)

ஆ) தேதி சரி. மனம் திருந்தி இனி எல்லா இடத்திலும் உண்மையே... (அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மனைவி படிக்க, கண்ணாடிக்காரர் தட்டினார். அந்தத் தேதி ஆகஸ்—

இல்லை. எழுதிக்கொள்ளலாம், தேதி மட்டும் கூடாது என்று கண்ணாடிக்காரர் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். கடை கண்ணாடிக்கடைதானா என்பதற்கும் நான் பொறுப்பில்லை. அந்த இடத்தில் நீங்களே ஒரு தேதி போட்டுக்கொள்ளுங்கள். தயவுசெய்து உங்களுடையது வேண்டாம்.

கப்பல் பத்திரமாக இருக்கிறது. மனைவியும் அந்த விளையாட்டில் சேர்ந்து, சரக்கைக் கொள்ளையடிக்க வருகிறவர்களைச் சொந்தப் பெயரிலேயே சுடுகிறார். எனக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் இப்போது வாரத்தில் மூன்று நாளாவது, எந்த ஒழுங்கும் இல்லாமல், டீ போடுகிறார். இனி யாரும் அந்தத் தேதியைக் கண்டுபிடித்துவிடக் கூடாதாம். மனைவிக்கு இதில் ஆட்சேபம் இல்லை.