மெம்பர் கார்டும் நூறு கும்பிடும்

ஸ்வர்ணா போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்தால் நின்றுவிடுமா? மேசையோடு சேர்ந்து அதிர்ந்தது. ர்ர்ர்ர். மூச்சு விட்டு, மறுபடி ர்ர்ர்ர்.

"இப்ப எத்தனை?" என்றான் மதன்குமார்.

"எண்ணலைங்க. எண்ணவே பயமா இருக்கு."

நடந்தது இதுதான். நாளை, சனிக்கிழமை, ஆக்லாந்தின் தகனினியில், வாடகைக்கு இருக்கும் அதே தெருவிலேயே அவர்கள் வாங்கிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஈரோட்டிலிருந்து மாமியார் நாள் பார்த்துச் சொல்லியிருந்தார். அக்கம்பக்கம், ஆபீஸ் நண்பர்கள் என்று முப்பது பேர். ஸ்வர்ணாவே சமைத்துவிடுவாள் என்பது திட்டம். நேற்று ராத்திரி வாட்ஸப்பில் அழைப்பு எழுதி, பிள்ளையார் படம் ஒட்டி, 'அனைவரும் குடும்பத்துடன் வந்திருந்து விருந்துண்டு வாழ்த்த வேண்டுகிறோம்' என்று முத்தாய்ப்பும் வைத்துத் தெருப் பெண்கள் குழுவுக்கு அனுப்பினாள். அனுப்பியதாக நினைத்துக்கொண்டு தூங்கினாள்.

அது போய் விழுந்த இடம், ஆக்லாந்துத் தமிழர்கள் முக்கால்வாசிப் பேர் குடியிருக்கும் பெரிய குழு. இரண்டு குழுவுக்கும் முகப்பில் ஒரே மாதிரிக் குத்துவிளக்குப் படம்!

காலையில் அவள் கண்விழித்தபோது, திரை முழுக்கக் கூப்பிய கைகள். கும்பிடு, கும்பிடு, மேலும் கும்பிடு. நடுநடுவே 'வாழ்த்துகள்'. அங்கங்கே ஒரு கட்டைவிரல். மத்தியானத்துக்குள் நூறைத் தாண்டியிருக்கும்.

"வர்றேன்னு கும்பிடா, வரலைன்னு கும்பிடா? இதை எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"ஸாரி, தப்பான குரூப்ல போட்டுட்டேன்னு ஒரு வரி எழுதிடு. முடிஞ்சுது."

"கூப்பிட்ட வாயால வராதீங்கன்னு சொல்லணுமா? அதுவும் புது வீட்டுக்கு? சரி, எழுதிடறேன். உங்கம்மாகிட்ட நீங்க சொல்லிடுங்க."

அம்மா என்றதும் மதன்குமார் அந்த யோசனையை அத்தோடு விட்டான்.

வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். தட்டிய வேகத்திலேயே தெரிந்தது, பக்கத்து வீட்டு மாகிரட். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அங்கே டாக்டர்களே அவள் குரலுக்குக் கொஞ்சம் அடங்கித்தான் நடப்பார்கள் என்று அவள் கணவன் கிளறன்ஸ் பெருமையாகச் சொல்வான். அவளும் அந்தப் பெரிய குழுவில்தான் இருந்தாள்.

"என்ன பிள்ளை, ஆக்லாந்து முழுக்கச் சோறு போடப் போறீராம்?"

ஸ்வர்ணாவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. மாகிரட் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கார்ச் சாவியை எடுத்தாள்.

"அழுறதெண்டா காருக்குள்ள இருந்து அழும். கடை பூட்ட முன்னம் போகோணும்."

வெள்ளிக்கிழமைப் பின்னேரத்து மோட்டார்வே. கார்கள் எறும்பு வரிசையாய் ஊர்ந்தன. எந்தக் கடை என்று ஸ்வர்ணா கேட்கவில்லை. கேட்க வேண்டியதே இல்லை. மாகிரட் கடை என்றால் நகரத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் அந்த மெம்பர் கடைதான். வருஷச் சந்தா கட்டினவர்களுக்கு மட்டுமே கதவு திறக்கும். உள்ளே எதுவும் ஒன்று என்று கிடையாது. மூட்டை, வாளி, பெட்டிதான்.

சாமான் வாங்கப் போகும் கடைக்குள் நுழையவே காசா என்று ஸ்வர்ணா இதற்கு முன் பலமுறை சிரித்திருக்கிறாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாகிரட் வீட்டுக் கராஜில் ஐந்து வீட்டுக்காரர்கள் கூடி வெங்காயம் பிரிப்பதைச் சன்னலிலிருந்து பார்த்து, "இவ்வளவு சம்பாதிச்சும் இந்தச் சிக்கனமா!" என்று மதனிடம் முணுமுணுத்திருக்கிறாள்.

கார் சுரங்கப் பாதைக்குள் நுழைவதற்குள் மாகிரட் மற்ற நாலு வீட்டுக்காரர்களோடும் போனில் பேசி முடித்திருந்தாள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி. "நாளைக்குப் பங்கு கிடைச்சாலும் கிடைக்கும், கிடைக்காட்டியும் கிடைக்காது. சம்மதமோ?" நாலு பேரும் "ஓம்" என்றார்கள். ஏன், எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கடை வாசலில் மாகிரட் கார்டை நீட்டினாள். அதிலிருந்த போட்டோவையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு வாசல்காரப் பெண் புன்னகைத்தாள். உள்ளே கால் வைத்ததும் ஸ்வர்ணா நின்றுவிட்டாள்.

விமானம் நிறுத்தலாம் போன்ற கூடம். கூரை வரை இரும்பு அடுக்குகள். பெயின்ட் வாளி அளவில் மயோனைஸ். தலையணை அளவில் சீஸ். அரிசி மூட்டைகள் துறைமுகத்தில் இறக்கி வைத்ததுபோல் மேலே மேலே. அலங்காரம் இல்லை, பாட்டு இல்லை. சாமான், சாமான், சாமான்!

"அக்கா... இது கடையா, ஊரா?"

"வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறவும். முதல் சுற்று கண்ணுக்கு. ரெண்டாம் சுற்றுத்தான் கைக்கு."

காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு முழுக் கடையையும் ஒருமுறை சுற்றினார்கள். மாகிரட் எதையும் தொடவில்லை. விலைச் சீட்டில் பெரிய எழுத்தை அவள் பார்க்கவேயில்லை. அடியில் பொடி எழுத்தில் கிலோவுக்கு எவ்வளவு என்று இருக்குமே, அங்கேதான் அவள் கண் போனது. "இது பெரிசு, ஆனா மலிவில்லை" என்று ஒரு பெட்டியைக் கடந்தாள். டிவிகள் வரிசையாக மின்னிய பக்கம் ஸ்வர்ணாவின் தலை திரும்பியபோது, "அங்கால பாக்காதையும். அது புருஷன்மாருக்கு வச்ச பொறி" என்று வண்டியைத் திருப்பினாள்.

"சாம்பாருக்குத் துவரம்பருப்பு எங்கேக்கா?"

"இல்லை."

"முருங்கைக்காய்?"

"பிள்ளை, கடைக்குச் சமையல் சொல்லாதையும். கடை சொல்லுறதைச் சமையும். பாஸ்மதி கிடக்கு, கடலை கிடக்கு, தயிர் கிடக்கு, கரட் சாக்குச் சாக்காக் கிடக்கு. மரக்கறிப் பிரியாணி, கொண்டைக்கடலைக் கறி, தயிர்ப் பச்சடி, கரட் அல்வா. நாலே நாலு. கலியாண வீட்டுக்கே காணும்."

காலையிலிருந்து நெஞ்சில் கல்லாய்க் கிடந்த மெனு அத்தனை சுலபமாக இறங்கியது. ஆனால் இன்னொரு கல் இருந்தது.

"எத்தனை பேருக்குக்கா வாங்கறது? முப்பதுக்கு வாங்கி நூத்தம்பது வந்தா மானம் போச்சு. நூத்தம்பதுக்கு வாங்கி முப்பது வந்தா..."

"நூத்தம்பதுக்கு வாங்கும்."

"மிஞ்சினா?"

"மிஞ்சினாப் பங்கு!" மாகிரட் அரிசி மூட்டையைத் தட்டினாள். "எங்கட பக்கம் பங்கு இறைச்சி எண்டு ஒண்டு இருக்கு. ஒரு வீட்டுக்கு ஒரு ஆடு பெரிசு. பத்து வீடு சேர்ந்தா அளவாப் போயிடும். ஆட்டைச் சின்னனாக்கேலாது பிள்ளை, வீட்டைத்தான் கூட்டோணும். இந்தக் கடையும் ஆடு மாதிரித்தான். நாங்கள் அஞ்சு வீடு. நாளைக்குப் பத்து மணி மட்டும் பாப்பம். ஆக்கள் வந்தாச் சோறு. வராட்டி உடைக்காத மூட்டையெல்லாம் அஞ்சு வீட்டுக்கும் பங்கு. உமக்கு நட்டம் எங்க இருக்கு, சொல்லும்?"

ஸ்வர்ணா யோசித்துப் பார்த்தாள். எங்கேயும் இல்லை! இரவெல்லாம் மதனும் அவளும் போட்டிருந்தாலும் இப்படி ஒரு கணக்கு வந்திருக்காது. கராஜில் வெங்காயம் பிரித்தது சிக்கனம் இல்லை, ஒரு வியூகம் என்று அப்போதுதான் புரிந்தது.

ரெண்டாம் சுற்று தொடங்கியது. மாகிரட் கை வைத்த இடத்தில் மூட்டை இறங்கியது. அப்போதுதான் ஸ்வர்ணா அந்த ஆளைக் கவனித்தாள்.

சாம்பல் நிறத் தொப்பி. ஐம்பது வயதிருக்கும். தன் வண்டியில் ஒரே ஒரு பால் கேனை வைத்துக்கொண்டு, அவர்களுக்குச் சற்றுப் பின்னால்.

அரிசியில் இருந்தான். வெங்காயத்துக்கு வந்தபோது அங்கேயும் இருந்தான். எண்ணெய் அடுக்கின் மூலையில் திரும்பிப் பார்த்தாள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா... ஒருத்தன் பின்னாடியே வர்றான்."

"வரட்டும். கரட் எடுப்பம்."

காய்கறி இருப்பது ஒரு குளிர் அறை. பிளாஸ்டிக் திரையை விலக்கி உள்ளே போனால் பல் கிட்டும். மாகிரட் உள்பக்கமாகப் போய் முட்டைக்கோஸைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்வர்ணா குனிந்து கேரட் சாக்கைப் பிடித்தாள். பின்னால் திரை சலசலத்தது. நிமிர்ந்தாள்.

தொப்பிக்காரன். வழியை மறித்து நின்றிருந்தான்.

"நீங்கள்... ஸ்வர்ணாதானே?"

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். அவளுடைய வாட்ஸப் படம்!

"நான் சோதிலிங்கம், தங்கச்சி. மனுரேவா. குரூப்பில உங்கட அழைப்புப் பாத்தனான். நாளைக்கு நாங்கள் ஒன்பது பேர் வாறம்."

"அ... அதுக்கா பின்னாடியே வந்தீங்க?"

"இல்லை." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஒரு விஷயம் கேக்கோணும். கேக்க வெக்கமாக் கிடந்துது. நாளைக்கு... மரக்கறியோ, மச்சமோ?"

உள்ளேயிருந்து மாகிரட்டின் சிரிப்பு குளிர் அறையையே குலுக்கியது. "கிரகப்பிரவேசத்துக்கு ஆட்டுக்கறி கேக்கிற ஒரே ஆள் நீர்தானப்பா!"

"மரக்கறிதான் அண்ணா," என்றாள் ஸ்வர்ணா. அவர் முகம் ஒரு கணம் வாடி, நாகரிகமாக நிமிர்ந்தது. பிறகு வண்டியைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார்.

"இவ்வளவும் எந்த வாகனத்தில?"

ஸ்வர்ணாவும் மாகிரட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே நிற்பது சின்ன ஹைபிரிட் கார். அதில் இந்த மூட்டைகளில் பாதி ஏறினால், ஸ்வர்ணா நடந்துதான் தகனினி போகவேண்டும். மாகிரட்கூட எதையாவது மறப்பாள்தான் என்று ஸ்வர்ணாவுக்கு அந்த நிமிஷத்திலும் ஒரு சின்ன ஆறுதல்.

"எனக்கு ஈஸ்ட் டாமாக்கியில டெலிவரி வேலை," என்றார் சோதிலிங்கம். "வான் வெளியில நிக்குது. வெறும் வான்."

காசு கட்டும் இடத்தில் மாகிரட்டின் மெம்பர் கார்டு ஒரு முறை, ஸ்வர்ணாவின் பேங்க் கார்டு ஒரு முறை. வந்த தொகையை மனசுக்குள் கேட்டரிங்காரர் கேட்டிருக்கக்கூடியதோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஸ்வர்ணா ரசீதை இன்னொரு தடவை வாசித்தாள். பாதிகூட இல்லை.

அன்று இரவே மூட்டைகள் இறங்கின. ஐந்து வீட்டு அடுப்புக்கும் ஆளுக்கொரு வேலையை மாகிரட் பிரித்துக் கொடுத்தாள். பெரிய பாத்திரத்துக்குக் கிளறன்ஸ் தங்கள் மாதா கோயில் மண்டபத்திலிருந்து கிடாரங்களைக் கொண்டுவந்தான். ஸ்வர்ணா தயங்கினாள். அவள் தயக்கத்தை மாகிரட் பார்வையிலேயே படித்துவிட்டாள்.

"யோசியாதையும். இது பெரிய வெள்ளிக்குக் கஞ்சி காய்ச்சிற கிடாரம். இதுக்குள்ள ஒரு நெத்தலிகூட நீந்தினதில்லை."

சனிக்கிழமை விடிந்தது. பால் பொங்கியது. பத்து மணிக்கு வாசலில் அவர்களுடைய முப்பது பேர்தான் இருந்தார்கள். மாகிரட் கராஜ் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். மீதி மூட்டையை உடைப்பதா, பிரிப்பதா?

தெருமுனையில் ஒரு கார் திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால்...

"உடையுங்கோ!" என்று கத்தினாள் மாகிரட்.

வந்தார்கள். பட்டுச் சேலையில் வந்தார்கள், வேலைச் சீருடையில் வந்தார்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தார்கள். யாரென்றே தெரியாதவர்கள் ஸ்வர்ணாவின் கையைப் பிடித்து, "நல்லா இருக்கணும்மா" என்றார்கள். "எங்களையெல்லாம் யாருங்க கூப்பிடறா? நீங்கதான் கூப்பிட்டீங்க" என்று ஒரு மாணவி சொன்னபோது, ஸ்வர்ணாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தப்பான குழு என்று நேற்று எழுதியிருந்தால்! நல்லவேளை.

இரண்டு மணிக்குக் கரண்டி அடித்தட்டில் உரசும் சத்தம் கேட்டது.

ஸ்வர்ணா கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு இருபது பேருக்கு வரும். வெளியே வரிசை, கதவிலிருந்து கேட் வரை, அதில் பாதிக்காவது இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். மறைப்பதில் பயனில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, நடந்ததை எல்லோரிடமும் உடைத்துச் சொல்லிவிடுவது என்று வாசலுக்கு வந்தாள்.

வரிசை சுருங்கியிருந்தது.

மாகிரட் வரிசையோரமாக நடந்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஐந்து வீட்டு முகம் தென்பட்ட இடத்தில் கண்ணை மட்டும் அசைத்தாள். ஒவ்வொரு குடும்பமாக, ஏதோ ஞாபகம் வந்ததுபோல், வரிசையை விட்டு நழுவியது. கடைசியாகச் சோதிலிங்கம், மனைவி மக்கள் மருமக்கள் என்று ஒன்பது பேரோடும்.

"நீங்க ஏன்ணா? நீங்க விருந்தாளி!"

"மூட்டை ஏத்தி இறக்கினவன் எப்பிடி விருந்தாளி ஆவான், தங்கச்சி? நான் வீட்டாள்."

மிச்சம் நின்றவர்கள் அத்தனை பேர் தட்டிலும் பிரியாணி விழுந்தது. கடைசித் தட்டு அந்த மாணவியின் தோழிக்கு. அதற்குப் பிறகு கிடாரத்தில் ஒரு பருக்கை இல்லை. ஒரு மனிதரும் வெறும் தட்டோடு திரும்பவில்லை.

ஸ்வர்ணா கராஜுக்கு வந்தபோது ஐந்து வீடும் சோதிலிங்கம் வீடும் காலிச் சாக்குகளை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நேற்று வாங்கியதில் மிஞ்சியது கொஞ்சம் பாண் ரொட்டியும் வெண்ணெயும் மட்டும். மதன்குமார் அதற்குள் கிளறன்ஸிடம், சந்தா வருஷத்துக்கு எவ்வளவு, கார்டு எடுக்க என்னென்ன காட்ட வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குப் பங்கும் இல்லாமப் போச்சு, சோறும் இல்லாமப் போச்சுக்கா," என்றாள் ஸ்வர்ணா.

"எங்கட ஊரில பங்கு பிரிக்கிற ஆள்தான் கடைசியா எடுக்கிறது. அப்பதான் பிரிப்புச் சரியா இருக்கும்." மாகிரட் காலை நீட்டினாள். விடிந்ததிலிருந்து முதல்முறையாக உட்கார்ந்திருந்தாள். "இண்டைக்கு எல்லாரும் பிரிச்சனாங்கள். எல்லாரும் கடைசி. விசர்க் கதை கதையாமல் அந்தப் பாணை உடையும், பசிக்குது."

ஸ்வர்ணா பாண் பொதியைப் பிரித்தாள். குழந்தைகளிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கையிலும் வைத்துக்கொண்டே போனாள். மாகிரட்டுக்கு நடுவிலிருந்து பார்த்து எடுத்துக் கொடுத்தாள். சுற்றி முடித்தபோது பொதிக்குள் ஒரு முனைத்துண்டுதான் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு நடுவே சாக்கில் உட்கார்ந்தாள்.

சோதிலிங்கம் அவள் கையைப் பார்த்துவிட்டு, வெண்ணெய்ப் பெட்டியை நகர்த்தி வைத்தார்.

"பூசுங்கோ தங்கச்சி, பயப்படாமல் பூசுங்கோ. வெண்ணெய் ரெண்டு கிலோ கிடக்கு."